முதலில் வைத்த முத்து

ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் ஒரு புது சால்டரிங் அயர்ன் ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்தது. அதற்கு அதுதான் முதல் வேலை. மின்சாரம் கொடுத்தால் வலது காதில் பாட்டு வந்தது, இடது காதில் ஒன்றுமே இல்லை.

"சிப்தான் கெட்டது" என்றது அயர்ன்.

"எனக்கு ஒன்றுமில்லையே" என்று சிப் சொல்லச் சொல்ல, அதைக் கழற்றிப் போட்டு வேறொன்றை மாட்டியது. இடது காது வாய் திறக்கவில்லை. அதையும் கழற்றி மூன்றாவதை மாட்டியது. அப்போதும் அப்படியேதான்.

மூன்றாவதன்மேல் கை வைக்கப் போனபோது, இணைப்புகளைச் சோதிக்கும் மல்டிமீட்டர் குறுக்கே வந்தது.

"நீ ஈயம் வைத்த இடங்களைத் தொட்டுப் பார்க்கிறேன்."

"என் வேலையிலா சந்தேகம்?"

"இடது காது பாடாமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை."

மின்சாரத்தை நிறுத்திவிட்டு மீட்டர் ஒவ்வொன்றாகத் தொட்டது. தொட்ட இடமெல்லாம் இணைப்பு சரி என்று 'பீப்' கேட்டது. கடைசியாக ஒரே ஒரு ஈய உருண்டை பாக்கி இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது, பளபளப்பானதும்கூட.

"அதை விடு. நான் முதன்முதலில் வைத்தது அது. முத்து மாதிரி இல்லை?"

மீட்டர் தொட்டது. சத்தமில்லை. முத்து பலகையின் செம்பைப் பிடிக்காமல் மேலே சும்மா உட்கார்ந்திருந்தது.

அயர்ன் நன்றாகச் சூடேறி, தன் முத்தைத் தானே உருக்கிச் செம்போடு ஒட்டவைத்தது.

மின்சாரம் கொடுத்ததும் இடது காதிலும் பாட்டு வந்தது. மேசையோரம் கிடந்த இரண்டு சிப்புகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.