மைனஸ் இரண்டு நாள்

“ஏம்மா, நான் தினமும் மூணு தடவை டீ போடறேன். கெட்டிலைத் தொடவே இல்லைன்னு என் மகனுக்கு மெசேஜ் அனுப்பறீங்களே, என்ன கணக்கு இது?”

போனில் பேசிய முரோயி அம்மா அகிதாவில் தனியாக இருப்பவர். டோக்கியோவில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிஹாரு, தனியாக வாழும் முதியவர்களைக் கெட்டிலில் பொருத்திய கருவி வழியாகக் கவனித்துக்கொள்ளும் கம்பெனியின் புரோகிராமர். இன்றைய தேதியிலிருந்து இரண்டு நாளைக் கழித்து, அன்று முதல் கெட்டில் சூடாகாத வீடுகளைத் தரவுத்தளத்தில் பொறுக்கி, பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும் க்வெரியை, அதாவது தேடல் கட்டளையை, எழுதியவள் அவள்தான்.

“பாவம் அவன், வாராவாரம் அங்க செண்டாய் ஊர்லேருந்து ஓடி வர்றான். சரி பண்ணும்மா.”

சிஹாரு உடனே கணினியைத் திறந்தாள். இங்கே கணக்கு தப்பினால், நிஜமாகவே யாராவது விழுந்து கிடக்கும் வீட்டிலும் தப்பும். நாள் முழுக்கத் தோண்டிப் பார்த்தாள். க்வெரியில் பிழை இல்லை. முரோயி அம்மாவின் மகனுக்கு இதுவரை ஒரு மெசேஜ்கூடப் போனதில்லை.

மகன் கென்சகுவை அழைத்தாள்.

“உங்களுக்கு நாங்க எதுவுமே அனுப்பலையே சார்?”

“சும்மா பாக்க வந்தேன்னு சொன்னா, ‘நான் என்ன சாகவா கெடக்கேன், போய் வேலையைப் பாரு’ன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. மெசேஜ் வந்துச்சுன்னு சொன்னாத்தான் உள்ள விடறாங்க. தயவுசெஞ்சு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

சிஹாரு மறுபடி அகிதாவுக்குப் போன் போட்டாள்.

“தப்பு எங்க மேலதாம்மா. தேதியைக் கழிக்கறதுல ஏதோ சிக்கல். சரி பண்ண நாளாகும்.”

“எவ்வளவு நாள்?”

“சொல்லத் தெரியலைம்மா.”

“பரவாயில்ல,” என்றார் முரோயி அம்மா. “அவசரப்பட்டு ஒண்ணும் பண்ணிடாதே.”