சட்டைப்பைத் திருடி

"தூங்குற மாதிரி நடிக்காதீங்க சார். உங்க பொண்ணு உங்க சட்டைப் பையில கைய விட்டு மிட்டாயை உருவிட்டு ஓடுறா," என்று பொரிந்தார், புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டம்மா.

சாய்வு நாற்காலியில் கிடந்த அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "எந்தக் கையால?"

"திருட்டுல எந்தக் கையா இருந்தா என்ன? இடது கைதான்."

அப்பா துள்ளி எழுந்தார். "விரல் விரிஞ்சுதா?"

"விரியாம எப்படி எடுப்பா? செல்லம் கொடுத்தே கெடுக்கிறீங்க."

"அவளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம்மா. அந்தக் கை மடங்கியேதான் இருந்துச்சு. வலது கைக்கு உறை மாட்டிட்டு, இடது கையால திருடி விளையாடச் சொன்னதே பிசியோதெரபி டாக்டர்தான். நேத்து வரைக்கும் உறையைக் கழட்டிட்டு வலது கையாலயே ஏமாத்திட்டு இருந்தா."

எதிர்வீட்டம்மா சாய்வு நாற்காலியருகே வந்து, தன் கைப்பையின் ஜிப்பை மெல்லத் திறந்தார்.

"நகருங்க சார். இப்ப நான் தூங்கணும்."