கோபுரத்து அரக்கன்

கொற்கைக் கோயில் கோபுரத்தில் மூங்கில் தட்டியை விலக்கியதும் புதிய சுதை அரக்கன் தெரிந்தான். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் வீரபாகுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“ஏளா, அந்தப் புடைச்ச மூக்கப் பாரு, தொங்குற கன்னத்தப் பாரு. நம்ம ஊரு முகமே இல்ல. பாபிலோன் கோயில் சிற்பம் அப்படியே கப்பலேறி வந்திருக்கு! கட்டுரை எழுதணும்.”

மனைவி உமாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாரத்திலிருந்து இறங்கிய சிற்பி தங்கதுரை நெளிந்தான்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி. ஆறு மாசமா தினமும் கீழ நின்னு, ‘அது சரியில்ல, இது சரியில்ல’ன்னு சத்தம் போட்டீகள்லா? அரக்கனச் செய்ய உக்காந்தா, உங்க முகந்தான் கைக்கு வந்துச்சு. மாத்திரட்டுமா?”

வீரபாகு அண்ணாந்து பார்த்தார். மெல்லத் தன் மூக்கைத் தடவினார்.

“வேண்டாம்டே. இது ஒண்ணுலதான் எனக்குக் குறை சொல்லத் தெரியல.”