பச்சைக்கண்

“செத்த வால்வை என் தலையில கட்டிட்டியே, கருணாகரா! இதுதான் உன் கடை வியாபாரமா?”

காஜா பெராங் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் சேதுராமன். ஆபீசில் குமாஸ்தா, வீட்டுக்கு வந்துவிட்டால் ரேடியோ கட்டுகிற பைத்தியம்.

இந்த முறை கட்டியதில் பச்சைக்கண் வால்வு வைத்திருந்தார். ஸ்டேஷன் சரியாக விழுந்தால் அந்தக் கண் பச்சையாக நிறையும். “மெர்டேக்கா அன்னிக்கு எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. காதால கேட்கலாம், கண்ணையும் பார்க்கலாம்” என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மெர்டேக்கா என்கிற அந்தச் சுதந்திர நாளுக்கு இன்னும் நாலே நாள். பாட்டு வருகிறது, கண்தான் திறப்பேனா என்கிறது.

சேதுராமன் ஏமாளி இல்லை. கெட்ட வால்வையே கடைக்காரன் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பான் என்று, அதன் அடியில் சிவப்பு மையால் ‘சே’ என்று எழுதிவிட்டுத்தான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்திருந்தார்.

கருணாகரன் ரேடியோவின் முதுகைத் திறந்து பார்த்தான்.

“வால்வு இருக்கட்டும் சார். கம்பிகளை ஒட்டின ஈயம் பிடிக்கலை. ஒட்டெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு பாருங்க. கம்பி சூடேறுறதுக்கு முன்னால ஈயத்தை வெச்சிருக்கீங்க.”

“எனக்கே பாடமா? ஒவ்வொரு ஒட்டையும் மீட்டர் வெச்சுப் பார்த்தேன். முள்ளு ஜோரா ஓடுது!”

“மீட்டர் முனையை வெச்சு அமுக்குறப்போ ஒட்டிக்கும் சார். கையை எடுத்தா விட்டுடும்.”

“ஓகோ! மீட்டர் பொய் சொல்லுது, நீ நிஜம் சொல்றே!”

பழுதுபார்க்க ரேடியோ கொண்டுவந்திருந்த பக்கத்து வீட்டு ருக்மணி, அதை அப்படியே தூக்கிக்கொண்டாள். “நான் வேற கடையில பார்த்துக்கறேன்” என்று போய்விட்டாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் நழுவினார்கள்.

கருணாகரன் ரேடியோவின் முதுகை மூடினான்.

“சரி சார். நல்ல நாள் வருது, சண்டை எதுக்கு? மாத்தித் தர்றேன்” என்று ரேடியோவை உள்ளே தூக்கிப் போனான். அரை மணியில் கொண்டுவந்து வைத்தான். கண் பளிச்சென்று திறந்தது. சேதுராமனுக்குத் தலைகால் புரியவில்லை.

முப்பத்தோராம் தேதி காலை. வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. ரேடியோ ஏழு தடவை ‘மெர்டேக்கா’ என்று முழங்க, தெருவே கூடவே முழங்கியது. பச்சைக்கண் ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

“கண்ணு என்னமா இருக்கு சார்!” என்றாள் ருக்மணி.

“சும்மாவா வந்தது? அதோ வாசல்ல நிக்கிறானே, அவன்கிட்ட சண்டை போட்டுல்ல புது வால்வு வாங்கினேன்! என் கெட்ட வால்வுல குறி போட்டிருந்தேன். இதுல இருக்காது. எல்லாரும் பாருங்க.”

“வேணாம் சார்” என்றான் வாசலில் நின்ற கருணாகரன். “தொறக்காதீங்க.”

“பயப்படுறான் பாரு!”

எல்லாரும் சிரித்தார்கள். சேதுராமன் கரண்டை நிறுத்திவிட்டு ரேடியோவின் முதுகைத் திறந்தார். அவர் வைத்த ஒட்டு ஒன்றுகூட அங்கே இல்லை. கம்பிக்குக் கம்பி புது ஈயம் வெள்ளியாக மின்னியது. வால்வைப் பிடுங்கி அடியைத் திருப்பினார்.

‘சே.’

நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். கருணாகரன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன சார், குறி இருக்கா?” என்றாள் ருக்மணி.

“எங்கே இருக்கு? புது வால்வுதான்” என்றார் சேதுராமன், சிவப்பு மையைக் கட்டைவிரலால் அமுக்கி மறைத்துக்கொண்டு.