மார்பளவுத் தண்ணீர்

ஜெனோவா நீட்டிய கையைக் கொளஞ்சி பிடித்துக்கொண்டாள்.

குளத்துத் தண்ணீர் இரண்டு பேருக்கும் மார்பளவு இருந்தது. கொளஞ்சி நைட்டிமேல் துண்டைப் போட்டு இறுக்கி முடிந்திருந்தாள்.   வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"நீச்சல் வேணாம் டீச்சர். முங்க மட்டும் சொல்லிக்குடு."

ஊரில் எல்லோரும் ஜெனோவாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் டீச்சர் இல்லை. அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். தேசிய சேவைத் திட்டம் ஒன்றில் சேர்ந்தவர்களை மாநிலம் முழுக்க, ஊருக்கு ஒருவராக, ஓராண்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சிலருக்கு மரம் நடுகிற வேலை. சிலருக்கு மாலை வகுப்பு. அவளுக்குக் கொள்ளிடக் கரையில் இந்த ஊர்.

போன வருடம் இங்கே, ஆற்றில் மணல் அள்ளிய பள்ளத்தில், இரண்டு பெண்பிள்ளைகள் மூழ்கிப்போனார்கள்.

மற்றப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடு என்று அனுப்பியிருந்தார்கள்.

ஒருத்திகூட வரவில்லை.

வீடு வீடாகப் போனாள். மோர் கொடுத்தார்கள். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். பிள்ளையை மட்டும் அனுப்பவில்லை.

"ரெண்டு புள்ளைய முழுங்குன தண்ணி. மறுபடியும் அதுகிட்டயே அனுப்பச் சொல்றியா?" என்று கேட்டாள் ஒருத்தி.

ஜெனோவா அடுத்த வீட்டுக்குப் போனாள். 

குளத்தில் ஆழமில்லாத பக்கமாக மூங்கில் ஊன்றிக் கயிறு கட்டினாள். பிடித்து மிதக்கக் காலிக் குடங்கள் கொண்டுவந்து போட்டாள். பையன்கள் வந்து அவற்றை வைத்துப் பந்து விளையாடிவிட்டுப் போனார்கள்.

வேறு ஊர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவள் நினைத்திருந்தபோதுதான் கொளஞ்சி வந்தாள்.

செத்துப்போனவர்களில் ஒருத்தி கொளஞ்சியின் மகள். அபிநயா. ஏழாம் வகுப்பு.

அன்றைக்குக் கொளஞ்சியும் ஆற்றில்தான் இருந்தாள். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஊர் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஜெனோவாவுக்கு அவள் வீட்டைக் காட்டியது. பெத்தவ காதுல விழலியாடி என்று மாமியார் இன்னும் கேட்கிறாளாம். பிள்ளையைத் தூக்கிவந்து கிடத்திய அன்றுகூடக் கொளஞ்சி அழவில்லையாம். அதையும் குற்றமாகத்தான் சொன்னார்கள்.

"வாயால மூச்சை இழுங்கக்கா. உள்ள போயி மெதுவா விடுங்க. முடியலன்னா என் கையை அழுத்துங்க. தூக்கிருதேன்."

கொளஞ்சி மூச்சை இழுத்தாள்.

முங்கினாள்.

பச்சைத் தண்ணீர் மூடிக்கொண்டது. அவிழ்ந்த முடி மட்டும் மேலே விரிந்து அசைந்தது.

முதலில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரேயடியாகப் பெரிய குமிழிகள் பொங்கி வெடித்தன.

கை அழுத்தவில்லை.

போதும் என்று ஜெனோவா கையை இழுத்தாள். இழுத்த இழுப்புக்கு அது வரவில்லை.

சாகத்தான் இறங்கினாளோ என்று அப்போதுதான் தோன்றியது.  குனிந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனாள்.

அதற்குள் கொளஞ்சியே எழுந்துவிட்டாள்.

மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிந்தது. இருமினாள். முகத்தைக்கூட வழித்துக்கொள்ளாமல் ஜெனோவாவையே பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"என்னதுக்கா?"

"கத்துனேன். உள்ளேருந்து. அவ கூப்பிடுற மாதிரியே, அம்மான்னு, தொண்ட கிழியக் கத்துனேன்."

ஜெனோவா பிடித்த கையை விடவேயில்லை. அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தாள். தெருவில் ஒரு சேவல் கூவியது கேட்டிருந்தது. வாய்க்கால் பாலத்தில் யாரோ பைக்கில் போனதும் கேட்டிருந்தது.

"இல்லக்கா. ஒண்ணுமே கேக்கல."

"நெசமாவா?"

"மாதா சத்தியமா."

கொளஞ்சி தலையை ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள்.

பிறகு அழத் தொடங்கினாள். முதலில் மூச்சு முட்டுவதுபோல. அப்புறம் ஓங்கி. அந்தச் சத்தம் கரையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, தெருவுக்குள் போனது.

கதவுகள் திறந்தன.

குளத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தியின் கையெல்லாம் மாவு. படித்துறையில் யாரும் தயங்கவில்லை. செருப்போடு இறங்கினார்கள். சேலை உப்பி மிதக்க, மார்பளவுக்கு வந்து கொளஞ்சியைக் கட்டிக்கொண்டார்கள்.

என்ன, என்ன என்று கேட்டார்கள். அவளால் சொல்ல முடியவில்லை. அவள் உள்ளேயிருந்து கத்தியதையும் தனக்குக் கேட்காததையும் ஜெனோவா சொன்னாள்.

ஒருத்தி கையால் கொளஞ்சியின் முகத்தை வழித்துவிட்டாள்.

மாமியார் கடைசியாக வந்தாள். தண்ணீர் தொடுகிற படிவரை வந்தாள். ஜெனோவா சொன்னது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாக்களின் பின்னாலேயே பெண்பிள்ளைகளும் இறங்கியிருந்தார்கள். முழங்காலளவு. இடுப்பளவு. ஒருத்தி அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையிலிருந்து மெல்ல எடுத்துப் பார்த்தாள்.

அவளைக் கரைக்குப் போகச் சொல்லி யாரும் அதட்டவில்லை.