வெள்ளைக் காரில் ஒரு கோளாறு

"மறுபடியும் அந்த வெள்ளைக் காரா?"

மதியச் சாப்பாட்டோடு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்த மனைவி, டிபன் கேரியரைப் பெஞ்சின் மேல் வைத்த வேகத்தில் ஸ்பானர்கள் ஒரு துள்ளு துள்ளி அடங்கின.

காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் மெல்ல வெளியே வந்து டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

"ஆக்சிலேட்டரை மிதிச்சா அதிருதுடி. என்ன செஞ்சும் அடங்க மாட்டேங்குது."

"இன்ஜின் மவுண்டிங்கை மாத்தினீங்க. பிளக்கை மாத்தினீங்க. வீலைக் கழட்டி மாட்டினீங்க. இன்னும் மாத்தறதுக்கு என்ன பாக்கி? பொண்டாட்டியையா?"

"மெதுவாப் பேசு. மேடம் வர்ற நேரம்."

மேடம்! அந்த ஒரு வார்த்தைதான் அவள் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. மெயின் ரோட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் மேடம். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று புருஷன் கிளம்பும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ளும் மேடம்.

"ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் இங்க வருது. அதெல்லாம் அதிரலை. இது மட்டும் அதிருதாக்கும்?"

"மத்ததெல்லாம் பஞ்சர், பிரேக்குன்னு வருது. ரோட்டுல விரட்டிப் பார்க்க வேண்டியது இது ஒண்ணுதான்."

அவளா நம்புவாள்? இருபது வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குப் புருஷன் முகத்தைப் படிக்கத் தெரியாதா? கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. சாப்பாடு இறங்குவதில்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை; ரெண்டு தலையணையை அடுக்கி, உட்கார்ந்த வாக்கில் சாய்ந்துகொண்டு விட்டத்தைப் பார்க்கிறார். மாடிப்படியில் பாதியிலேயே நின்று ஒரு பெருமூச்சு. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லே, சும்மா" என்று ஒரு அசட்டுச் சிரிப்பு. காதல் வந்த விடலைப் பையன் மாதிரி! அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோதுகூட மனுஷன் நன்றாகத் தூங்கியிருப்பார்.

சென்ட் வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே மேடமும் வந்தாள்.

"என்ன மெக்கானிக் சார், வரச்சொன்னீங்களே?"

'சாராம் சார்! கிரீஸ் கறை போக அந்தச் சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியும் இந்த சாரோட லட்சணம்' என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

"ஏம்மா, உங்க வண்டியில அப்படி என்னதான் குறை? வாரா வாரம் கொண்டுவந்து நிறுத்தறீங்க?"

மேடம் விழித்தாள்.

"எனக்கா? எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. மவுண்டிங் மாத்தினதுமே பிரமாதமா ஓடுது. சார்தான் திருப்தி இல்லாம போன் பண்ணிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். நானும் பார்லரைப் போட்டுட்டு ஓடி வர்றேன்."

மனைவிக்குக் காது அடைத்துப் போனது. அதுவரை அந்தம்மாதான் வலை வீசுகிறாள் என்று நினைத்திருந்தாள். வீசியது தன் வீட்டு ஆளா?

"சாவியைக் குடுங்க" என்று கை நீட்டினாள். "நான் ஓட்டறேன். எங்க அதிருதுன்னு இன்னிக்குப் பார்த்துடறேன்."

"நீயா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே? ஏறுங்க. மேடம் பின்னாடி உக்காருங்க. நல்லா தள்ளியே உக்காருங்க."

பைபாஸ் ரோடு காலியாகக் கிடந்தது. ஆத்திரத்தையெல்லாம் வலது காலில் இறக்கி மிதித்தாள். கார் சீறிக்கொண்டு வேகம் எடுத்தது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"தோ, தெரியுது பாரு!" என்றார் மெக்கானிக்.

"எங்க? ஸ்டீயரிங் பேசாம இருக்கு."

"ஸ்டீயரிங்ல தெரியாது. சீட்டுலதான். தடதடன்னு அடிக்குது... நடுவுல ஒண்ணு தவறுது... அப்புறம் ரெண்டு சேர்ந்து அடிக்குது. ஒரு பிளக் மக்கர் பண்ற மாதிரியே இருக்கு."

"மேடம், உங்களுக்குத் தெரியுதா?"

"இல்லையேங்க. தொட்டில் மாதிரி இருக்கு."

"ஆக, அதிர்வு உங்க ஒருத்தருக்கு மட்டும் தெரியுது!" அவள் குரல் உடைந்தது. "நானும் கண்ணை மூடிக்கிட்டு நம்பினேனே! என்னைப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. எதுக்கு இப்படி ஒரு பொய்?"

"பொய் இல்லைடி. எனக்கு நிஜமாவே தெரியுது. இத்தனை வருஷத்துல என் கைக்குப் பிடிபடாத கோளாறு இது ஒண்ணுதான்."

சரக்கென்று காரை ஓரம் கட்டினாள். இன்ஜினை அணைத்தாள். சாவியை உருவிக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததைத் துடைக்கவில்லை.

"மேடம் முன்னாலேயே கேக்கறேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. இந்த வண்டி அதிருதா?"

அவர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அவளைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது.

"வண்டியை ஆஃப் பண்ணிட்டியா?"

"சாவி என் கையில இருக்கே, தெரியலை?"

"அப்ப... இது ஏன் இன்னும் அதிருது?"

பின் சீட்டிலிருந்து சென்ட் மணக்கும் கை ஒன்று பதறி நீண்டு அவர் மணிக்கட்டில் நாடியைத் தேடிப் பிடித்தது.

"விட்டுடாதீங்க மேடம், அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க!" என்று அலறிக்கொண்டே மனைவி சாவியைப் போட்டுத் திருகி, காரை ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் திருப்பினாள்.