சாமி கேட்ட வரம்

“படிச்சவதானே நீ? அம்மா மேல சாமி வர்றதையா ஆராய்ச்சி பண்ணுவே?” காரை ஓட்டிக்கொண்டே கத்தினான் ஷர்வின். மலேசியாவின் ஈப்போ நகரில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை.

பின்சீட்டில் தங்கை தினேஸ்வரி. பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு.

“ஏண்ணே, ஆராயக்கூடாதா?”

“சோதிச்சுப் பார்க்க முடியுறதுதான் சயின்ஸ். நாளைக்கு எங்க லேப்புக்குச் சாமியோட ரத்தத்தை அனுப்புவியா? சும்மா இரு லா. நாலு பேரு சிரிப்பாங்க.”

முன்சீட்டில் அப்பா சின்னையா. அம்மா செல்லாயி விடியும்போதே கோயிலுக்குப் போய்விட்டாள்.

செமோர் பக்கத்தில் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது; தோட்டத்து ஆட்களும் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். திருவிழா என்றால் மட்டும் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள்.

கோயில் வாசலில் அதே தோட்டத்து மாயாண்டியின் மகள் ஷர்மினி அழுதுகொண்டு நின்றாள். தினேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரித் தாதிப் படிப்புக்கு இடம் கெடைச்சிருக்குக்கா. நாளைக்குள்ள பதில் சொல்லணும். அப்பா ஃபேக்டரிக்குத்தான் போகணுங்கறாரு. டீச்சர் சொல்லியும் கேக்கல, கோயில் தலைவர் சொல்லியும் கேக்கல.”

உறுமி முழங்கியது. செல்லாயி மேல் சாமி வந்துவிட்டது.

மாயாண்டியை ‘அண்ணே’ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவள், வேப்பிலையை ஓங்கினாள்.

“டேய் மாயாண்டி! எனக்கு என்னடா தருவே?”

“கேளு தாயே! கிடா வெட்டவா?”

“கிடா வேணாம். உம்மவளைப் படிக்க அனுப்பு!”

மாயாண்டி அப்படியே மண்ணில் விழுந்தார்.

“அனுப்புறேன் தாயே! அனுப்புறேன்!”

கொஞ்ச நேரத்தில் தெளிந்த செல்லாயி, தண்ணீர் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

“என்னாச்சு? ஷர்மினி ஏன் அழுதுகிட்டே சிரிக்குது?”

தினேஸ்வரி அண்ணனைத் தனியே இழுத்தாள்.

“வீட்டுல அப்பாகிட்டக்கூடச் சத்தமாப் பேசாத அம்மா! அந்தக் குரல் எங்கேருந்துண்ணே வந்துச்சு? ஊரே சொல்லிக் கேக்காத மனுசன் அதுக்கு மட்டும் ஏன் கேட்டாரு? இதை ஆராயக்கூடாதா?”

“யாராவது முன்னாடியே அம்மா காதுல போட்டிருப்பாங்க. இதுல ஆராய ஒண்ணுமில்ல.”

பின்னாலேயே வந்த சின்னையா, மகனின் தோளில் கை வைத்தார்.

“இருக்குடா. பள்ளிக்கூடப் பரீட்சை முடிஞ்சதும் உன்னை லாரி வேலைக்கு அனுப்பத்தான் இருந்தேன். அம்மா அழுதுச்சு, நான் கேக்கல. அந்த வருஷத் திருவிழாவுல, இதே எடத்துல, என்கிட்டயும் சாமி கிடா வேணாம்னுதான் சொல்லுச்சு.”